இரண்டு தடவை சொன்ன அளவு

என் சாவிக்கடைக்கும் மாஸ்டரின் தையல் கடைக்கும் நடுவில் சந்து விட்ட ஒரு பலகைத் தடுப்புதான். அதுவும் கூரையைத் தொடாது. காற்று வரட்டும் என்று மேலே ஒரு முழம் விட்டுவைத்திருந்தார்கள். காற்று வந்த மாதிரித் தெரியவில்லை. அவர்கள் வீட்டுப் பேச்சு மட்டும் ஒரு சொல் சிந்தாமல் என் பக்கம் வந்துகொண்டிருந்தது. கடைக்குப் பின்னாலேயே அவர்கள் குடியிருந்ததால் காலை டீயிலிருந்து சாயங்காலச் சண்டை வரை எனக்கு எல்லாம் அத்துப்படி. என் பேச்சும் அந்தப் பக்கம் போயிருக்கும். அவர்கள் நாகரிகமானவர்கள், கேட்ட மாதிரிக் காட்டிக்கொண்டதில்லை.

மாஸ்டர் ஒல்லி. கழுத்தில் இஞ்சு டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. அவர் மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். வெட்டுவது அவர், தைப்பதில் பாதிக்கு மேல் தங்கச்சி. ஒரே மகள், ஏழாவது படிக்கிறாள். பன்னிரண்டு வயதாகியும் வீட்டில் பாப்பாதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை மிஷினுக்கடியில் தள்ளிவிட்டு, பொத்தான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வீட்டுப்பாடத்தைவிட அது அவளுக்கு இனிக்கும்.

அந்தக் கடையில் வாடிக்கைக்காரர்களை அளவை வைத்துத்தான் பேசுவார்கள். "நாப்பது வந்துட்டுப் போனாரு, கை கொஞ்சம் எறக்கணுமாம்." "அந்த முப்பத்திரண்டு இன்னைக்கும் வரலியே, துணி தூசி பிடிக்குது." இதில் நக்கல் ஒன்றும் இல்லை. நாளுக்கு முப்பது பேர் வந்துபோகிற இடத்தில் முகம் மறந்துபோகும், அளவு மறக்காது. நான் நாற்பத்திநாலு. "நாப்பத்திநாலு டீ குடிச்சாச்சான்னு கேளு பாப்பா" என்று தடுப்புக்கு மேலாகக் காதில் விழும். நான் வருத்தப்பட்டதில்லை. இந்தத் தொந்தியை யாரும் எனக்கு இலவசமாகக் கொடுக்கவில்லை, நானே பாடுபட்டு வளர்த்தது. நானும் லேசுப்பட்டவன் இல்லை. எனக்குத் தெருவில் பாதிப் பேர் பூட்டுதான்: துருப்பூட்டு, பீரோப்பூட்டு, மாதம் ஒரு தடவை சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் மறதிப்பூட்டு.

வருஷ ஆரம்பத்தில், பாப்பா படிக்கிற பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சீருடை மாஸ்டர் கைக்கு வரும். அளவெடுக்க ஒரே நாள், முந்நூறு பிள்ளைகள். வராந்தாவில் வரிசை நிற்கும். மாஸ்டர் டேப்பைப் பிடித்துச் சத்தமாகச் சொல்வார். நாலடி தள்ளி மேசையில் உட்கார்ந்து தங்கச்சி தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போவாள். "தோள் பதிமூணு, மார்பு இருபத்தெட்டு, இடுப்பு இருபத்திநாலு, அடுத்தது வா." பார்க்க அழகாக இருக்கும். அவர் வாயும் அவள் பென்சிலும் ஒரே மிஷினின் இரண்டு பாகம் மாதிரி ஓடும்.

அவர் தொழில் கற்ற இடத்தில் ஒரு சட்டம் உண்டு. வழக்கத்தைத் தாண்டி ஒரு அளவு வந்தால் இரண்டு தடவை எடுக்க வேண்டும், இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஒரு தடவையோடு விட்டால், ஏதோ வாய் தவறிச் சொல்கிறார் என்று எழுதுகிறவர்கள் வழக்கமானதை எழுதிவிடுவார்கள், துணி வீணாகும். நல்ல சட்டம்தான்.

அந்த வருஷம் ஏழாவதில், பாப்பாவின் வகுப்பில், ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். பருமனான உடம்பு, சாந்தமான முகம். அவள் முறை வந்தது. மாஸ்டர் டேப்பைச் சுற்றினார். "இடுப்பு முப்பத்தாறு." மறுபடி சுற்றினார். "முப்பத்தாறு. ரெண்டு தடவை பாத்துட்டேன், முப்பத்தாறேதான், எழுதிக்கோ."

ஆய்வுக்கூட அலமாரிகளுக்குப் பூட்டு மாற்ற அன்று நானும் அந்த வராந்தாவில்தான் இருந்தேன். வரிசையில் சிரிப்பு ஓடியது கேட்டது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அலமாரிக்குள் விழுந்துவிட்ட ஒரு திருகாணியைத் துழாவிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் நான் நல்லவனாகிவிடுவேன், அதனால் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் போயிற்று. மூன்று நாளாக விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு முற்பகல். மழைக்காலத்தில் தையல் கடையில் இருப்பது கஷ்டம். துணி நமுத்துப்போகும், இஸ்திரிப்பெட்டியை வைத்தால் ஆவி முகத்தில் அடிக்கும், சாக்கட்டிக் கோடு துணியில் நிற்காது. மாஸ்டர் அதையெல்லாம் திட்டிக்கொண்டே வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு அம்மா வந்து குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு உள்ளே போனார். முழங்கை வரை மாவு ஒட்டியிருந்தது. தெருமுனை பேக்கரியில் மாவு பிசைகிறவர். அவர் பிசைந்த ரொட்டியைத்தான் நாங்கள் எல்லாரும் காலையில் தின்கிறோம். கையில் ஒரு சீருடைப் பாவாடை வைத்திருந்தார்.

"இதக் கொஞ்சம் புடிச்சுக் குடுக்கணும் மாஸ்டர். முப்பதுக்கு."

மாஸ்டர் துணியைப் புரட்டிப் பார்த்தார். "இது நான் தைச்சதுதானே. முப்பத்தாறு. பொண்ணு எளைச்சிடுச்சா?"

"இல்ல."

"இல்லேன்னா எதுக்கும்மா புடிக்கணும்? கொக்கியே மாட்ட முடியாது. உக்காந்தா தையல் தெறிச்சிடும்."

"அது அவளுக்கும் தெரியுது. இருந்தாலும் புடிக்கணுங்கறா. உள்பக்கம் பட்டியில அளவ எழுதியிருக்கீங்கள்ல, அதையும் அழிச்சு முப்பதுன்னு எழுதிக் குடுக்கணுமாம்."

மாஸ்டர் சிரித்தார். "அளவ மாத்தி எழுதிட்டா ஆள் மாறிடுமாம்மா?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. மேசையோரமாக நின்று பாவாடையை மடித்தார், மறுபடி பிரித்தார். "உங்களுக்கு விஷயம் தெரியாதுன்னு நெனக்கிறேன். தெரிஞ்சா இப்படிக் கேக்க மாட்டீங்க."

"என்ன விஷயம்?"

"அன்னைக்கு நீங்க சொன்னீங்களே ஒரு அளவு, அதுதான் இப்ப ஸ்கூல்ல என் பொண்ணுக்குப் பேரு. டீச்சர் வருகை எடுக்கறப்ப பின்னாடியிருந்து அதச் சொல்றாங்க. கணக்குல விடை முப்பத்தாறுன்னு வந்துட்டா வகுப்பே திரும்பி அவளப் பாக்குதாம். சாப்பாட்டு டப்பாவத் தொறந்தா, முப்பத்தாறுக்கு இது பத்துமான்னு கேக்கறாங்க. அதனால தொறக்கறதே இல்ல. அப்படியே கொண்டுவந்துடறா. அவிச்ச முட்டைய ஏண்டி வீணாக்கறேன்னு நான் வேற திட்டியிருக்கேன். எனக்கென்ன தெரியும்?"

தங்கச்சியின் மிஷின் நின்றுவிட்டது. நானும் என் சாவி ராவுகிற மிஷினை நிறுத்தினேன்.

"ஒம்பது நாளா ஸ்கூலுக்குப் போகல மாஸ்டர். காய்ச்சல்னு எழுதிக் குடுத்திருக்கேன். காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்ல. இனிமே போகவே மாட்டேன், உன்கூட பேக்கரிக்கே வந்துடறேங்கறா. நேத்துதான் கொஞ்சம் எறங்கி வந்தா. முப்பதுன்னு தைச்சுக் குடுத்தா யோசிக்கிறேன்னா. அதான் ஓடி வந்தேன்." அவர் பாவாடையை மேசைமேல் வைத்தார். "மாவு பிசையவா பெத்தேன்? நல்லாப் படிப்பா. படம் போட்டா பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"வெச்சுட்டுப் போங்கம்மா" என்றார் மாஸ்டர்.

குடை தெருவில் மறைந்தது. பலகை இடைவெளி வழியாக இஸ்திரி வாடை மட்டும் வந்தது. கடைசியில் தங்கச்சிதான் பேசினாள்.

"நாமதானேங்க?"

"நான் வேலையத்தானே செஞ்சேன்."

"வேலையத்தான் செஞ்சோம். இல்லேன்னு யாரு சொன்னா?"

"சட்டம் அப்படி. ரெண்டு தடவை சொல்லணும்."

"சொன்னது எனக்கு. கேட்டது நாப்பது பிள்ளைங்க."

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது மாஸ்டர் பசிக்கவில்லை என்றார். ரொட்டி வாங்கவும் அன்று யாரும் பேக்கரிப் பக்கம் போகவில்லை.

நாலு மணிக்குப் பாப்பா வந்தாள். பையைத் தள்ளினாள், டப்பாவை எடுத்தாள். தங்கச்சி டீயை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"உங்க வகுப்புல முப்பத்தாறுன்னு கூப்பிடறாங்களே, அந்தப் பொண்ணு எப்படி இருக்கு பாப்பா?"

பொத்தான்கள் டப்பாவுக்குள் உருளும் சத்தம் நின்றது.

"காய்ச்சல்ம்மா."

"காய்ச்சல் இல்ல. யாரு மொதல்ல அப்படிக் கூப்பிட்டது?"

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் சாவியை ராவுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"நான்தான்."

"நீயா?" இது மாஸ்டர்.

"வேணும்னு சொல்லலப்பா. என் பென்சில் கீழ விழுந்துச்சு. அவ எடுத்துக் குடுத்தா. யாரு குடுத்தான்னு பின்னாடி இருந்தவ கேட்டா. அதோ, அந்த முப்பத்தாறுன்னேன். நம்ம கடையில சொல்ற மாதிரிதான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று தங்கச்சி கேட்டாள்.

"நல்லா இருந்துச்சும்மா. நான் சொன்ன ஒண்ணுக்கு வகுப்பே சிரிச்சது அதான் மொத தடவை." அழ ஆரம்பித்தாள். "அதுக்கப்புறம் நான் சொன்னதே இல்ல. அவங்க சொல்றப்ப சிரிக்க மட்டும் சிரிச்சேன். சிரிக்கலேன்னா என் பக்கம் திரும்பிடுவாங்க."

மாஸ்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம். "சரி. நாளைக்கு ஸ்கூலுக்கு நானும் வர்றேன். எல்லார் முன்னாடியும் நீ மன்னிப்புக் கேக்கற."

"உக்காருங்க" என்றாள் தங்கச்சி. "எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு நாம பண்ணது போதும். இதையும் அப்படியே பண்ணணுமா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மாஸ்டர் போய் வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலம் டீச்சரே கடைக்கு வந்தார். நடுத்தர வயது, நனைந்த செருப்பு, தோளில் திருத்த வேண்டிய நோட்டுகள் பிதுங்கும் பை. வெட்டுமேசை பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார்.

"காய்ச்சல்னு நம்பிட்டேன் மாஸ்டர். தப்பு என் மேலயும் இருக்கு. நான் உள்ள போனா வகுப்பு அவ்வளவு அமைதியா இருக்கும். பரவாயில்லையே, ஒழுங்கான பிள்ளைங்கன்னு நெனச்சுக்கிட்டேன். என் காதுக்கு மட்டும் கேக்காமப் பாத்துக்கிட்டிருக்காங்க."

"என் பொண்ணுக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க டீச்சர்."

"குடுக்கலாம். ஒரு வாரம் வெளிய நிக்க வெக்கலாம். மத்த முப்பத்தெட்டு பேரும் நாம தப்பிச்சோம்னு உக்காந்திருப்பாங்க. அந்தப் பொண்ணு திரும்பி வந்தா, உன்னாலதான் இவ வெளிய நின்னான்னு அடுத்ததப் புடிச்சுக்குவாங்க. எனக்கு வேண்டியது, அவ வந்து உக்கார்றதுக்கு ஒரு எடம். பெஞ்சச் சொல்லல."

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியல. ஒண்ணொண்ணா செஞ்சு பாக்கப் போறேன்." தண்ணீரைக் குடித்து முடித்தார். "நீங்க ஒண்ணு சொல்லுங்க. ரெண்டு வாரத்துல விளையாட்டு உடைக்கு அளவெடுக்க வருவீங்கள்ல, எப்படி எடுக்கப் போறீங்க?"

கேள்வி மாஸ்டருக்குப் புதிது. முப்பது வருஷத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து அந்தக் கடையில் வேறு ஒரு மாதிரிப் பேச்சு ஓட ஆரம்பித்தது. பாப்பா தினமும் வந்து வகுப்புச் செய்தி சொல்வாள். முதல் நாள் டீச்சர் எல்லாருக்கும் துண்டுக் காகிதம் கொடுத்து, இதுவரை யாராவது கூப்பிட்டு மனசு நொந்த பட்டப்பெயர் இருந்தால் எழுதச் சொன்னாராம். எழுதியது யார் என்று போடக் கூடாது. டீச்சரும் ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியில் போட்டாராம். பிறகு ஒவ்வொன்றாகப் படித்தாராம்.

"எத்தனை பேரு எழுதியிருந்தாங்க?" என்றார் மாஸ்டர்.

"ரெண்டே ரெண்டு காகிதந்தான் காலியா இருந்துச்சு. முதல்ல சிரிச்சாங்க. பத்து படிச்சதுக்கு அப்புறம் யாரும் சிரிக்கல. எல்லாரையும் மிரட்டுவாளே ஒரு நெட்டச்சி, அவ அழுதுட்டா. அவளுது எதுன்னு எங்களுக்குத் தெரியாது."

"நீ என்ன எழுதினே?"

"சொல்ல மாட்டேன்."

மாஸ்டர் கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "நம்ம வீட்ல கூப்பிட்டதா?"

"சொல்ல மாட்டேன்னு சொன்னேன்லப்பா."

மறுநாள் ஒருவர் சட்டை வாங்க வந்தபோது மாஸ்டர், "நாப்பதோட சட்டைய எடு" என்று சொல்லவந்தவர் பாதியில் நிறுத்தி, "தபால் ஆபீஸ்காரரோட சட்டைய எடு" என்றார். தங்கச்சிக்கு எந்தச் சட்டை என்றே புரியவில்லை. மூன்று சட்டைகளைத் தூக்கிக் காட்டினாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். இரண்டு பேருக்குத் துணி மாறிப்போயிற்று. என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "பக்கத்துல அவரு" என்றார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஏனென்றால் நானும் மறதிப்பூட்டைப் பார்த்தால் வாயை அடக்க வேண்டியிருந்தது.

பிறகு அளவுப் பிரச்சினை. மாஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. எட்டு மாதிரி உடை தைத்துவிடுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் நூல். பிள்ளைகள் போட்டுப் பார்த்து, பச்சை, சிவப்பு என்று சொன்னால் போதும், எண்ணே வேண்டாம். இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று மாதிரி தைத்தும் விட்டார். பெருமையாக மகளுக்குக் காட்டினார்.

பாப்பா நூலைத் தடவிப் பார்த்தாள். "பெருசுக்கு என்ன நெறம்?"

"ஊதா."

"அப்ப அவளுக்கு ஊதான்னு பேரு வந்துடும்."

மாஸ்டர் துணியை மடியில் போட்டுக்கொண்டார். ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது, தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கே.

"ஏங்க, சத்தம் போடறதாலதானே வம்பு" என்றாள் தங்கச்சி. "நான் டேப்பையும் புடிக்கறேன், பென்சிலையும் புடிக்கறேன். ஒரு மறைப்புக்குள்ள, ஒருத்தர் ஒருத்தரா. நானே பாத்து நானே எழுதிக்கறேன். வாயே தொறக்க வேண்டியதில்ல."

"ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். முந்நூறு பேரு."

"ஆகட்டும்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"வரிசையப் பாத்துக்குங்க. சின்னதுங்களுக்கு ஷூ லேஸ் கட்டிவிடுங்க."

தலைமையாசிரியர் ஒத்துக்கொள்வதாக இல்லையாம். இத்தனை வருஷம் ஒரே நாளில் முடிந்த வேலை, யாரும் புகார் சொன்னதில்லையே என்றாராம். சொல்ல முடிகிற மாதிரியா சார் வைத்திருக்கிறோம் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சரி, மூன்று நாள் காலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மதிய மணியடிப்பதற்குள் முடிய வேண்டும் என்றிருக்கிறார்.

எல்லாம் சரி, அந்தப் பெண் வந்தால்தானே? பதினெட்டு நாள் ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியும் பாப்பாவும் பேக்கரி மாடியில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். திருத்தாத பாவாடையை மாஸ்டர் இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தனுப்பினார். அங்கே நடந்ததைத் தங்கச்சி பிறகு என்னிடம் சொன்னாள். சூடான ரொட்டி வாசனை தரை வழியாக மேலே வந்துகொண்டிருந்ததாம். அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து படம் போட்டுக்கொண்டிருந்தாளாம், எழுந்திருக்கவில்லையாம்.

"நான்தான் மொதல்ல சொன்னேன்" என்று பாப்பா ஆரம்பித்திருக்கிறாள்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பென்சிலக் குடுத்துட்டு நான் அங்கதானே நின்னேன்."

பாப்பாவுக்குத் தயார் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. அந்தப் பெண்தான் கேட்டிருக்கிறாள்.

"இன்னும் சொல்றாங்களா?"

"மூணு பேரு சொல்றாங்க. மத்தவங்க சிரிக்கறதில்ல."

"நான் வந்தா சிரிப்பாங்களா?"

"தெரியல."

"நீ என்ன பண்ணுவ?"

"உன் பக்கத்துல நிப்பேன். பயமாத்தான் இருக்கு. ஆனா நிப்பேன்."

அந்தப் பெண் பென்சிலை வைத்துவிட்டுத் தங்கச்சியைப் பார்த்தாளாம். "மறுபடியும் டேப் வெப்பீங்களா?"

"வெக்கணும் கண்ணு. இல்லேன்னா துணி சரியா வராது. நான் மட்டும்தான் பாப்பேன். வெளிய ஒரு சொல் வராது."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் அம்மா கீழேயிருந்து இரண்டு ரொட்டி எடுத்து வந்து கொடுத்தார். அதைப் பாப்பா வழியெல்லாம் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள், பிய்த்துக்கூடப் பார்க்கவில்லை.

வராந்தாக் கோடியில் மறைப்புக்குச் சட்டம் அடித்துக் கொடுத்தது நான். மாஸ்டர் கடையிலிருந்த கனத்த துணியைத் தொங்கவிட்டோம். காற்றுக்குச் சட்டம் ஆடியது, அதனால் மூன்று நாள் காலையும் நான் திருப்புளியோடு அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. அப்படித்தான் எனக்கு அது பார்க்கக் கிடைத்தது.

முதல் இரண்டு நாள் சின்ன வகுப்புகள். பிள்ளைகள் உள்ளே போனார்கள், வந்தார்கள். மாஸ்டருக்குத்தான் கஷ்டம். ஒவ்வொரு பிள்ளை போகும்போதும் கண்ணாலேயே அளந்துவிடுவார், எண் தொண்டை வரை வந்துவிடும், விழுங்கிக்கொள்வார். ஐம்பது பேருக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் ஏழாவது. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. வரிசை நின்றாயிற்று. டீச்சர் வாசலைப் பார்த்தபடி இருந்தார், பாப்பாவும் பார்த்தபடி இருந்தாள். ஏழெட்டுப் பேர் அளவு கொடுத்து முடிந்த பிறகு, கேட்டுக்கு வெளியே அந்த அம்மா தெரிந்தார். பக்கத்தில் அந்தப் பெண். கேட்டுக்கும் வராந்தாவுக்கும் ஐம்பது அடி இருக்கும். அதை நடந்து கடக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

டீச்சர் ஆரவாரம் எதுவும் செய்யவில்லை. "வாம்மா, வரிசையில நில்லு" என்றார், தினமும் வருகிறவளிடம் சொல்கிற மாதிரி. அவள் கடைசியில் போய் நின்றாள். பாப்பா தன் இடத்தை விட்டு வந்து அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அளவு கொடுத்து முடித்தவர்களும் வகுப்புக்குப் போகாமல் சுவரோரம் நின்றார்கள்.

அங்கிருந்து ஒரு குரல் வந்தது. அந்த எண்தான். மெதுவாக, பாடுகிற மாதிரி.

யாரும் சிரிக்கவில்லை. அவள் தோள் மட்டும் ஒடுங்கியது. பாப்பா திரும்பினாள். காது இரண்டும் சிவந்திருந்தது. "என்ன?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அவளால் கேட்க முடிந்தது.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லேன்னா சும்மா நில்லு" என்று வேறொரு குரல் சொன்னது. பார்த்தேன். நெட்டையாக ஒருத்தி. பாப்பா சொன்ன நெட்டச்சி அவளாகத்தான் இருக்க வேண்டும்.

வரிசை நகர்ந்தது. அவள் முறை வந்தது. துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு எதிரே மாஸ்டர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. இரண்டு நிமிஷம் ஆயிற்று. மூன்று ஆயிற்று. தலைமையாசிரியர் அறையிலிருந்து வெளியே வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல். அவரும் அங்கேயே நின்றுவிட்டார்.

உள்ளே தங்கச்சியின் குரல் மெல்லக் கேட்டது.

"வயித்த எக்கிக்காத கண்ணு. இது நீ ஓடறதுக்குத் தைக்கற துணி. மூச்ச விட்டுடு."

ஒன்றும் நடக்கவில்லை.

"அவசரமில்ல. நீ விடற வரைக்கும் நான் டேப்பப் பாக்க மாட்டேன். அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

நான் சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தேன். நாற்பது பேர் இருப்பார்கள். அவர்களுக்கும் அது கேட்டுவிட்டது. அந்த நேரத்தில் ஒரு இருமல் போதும், ஒரு செருமல் போதும். யாராவது ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினால்கூட எல்லாம் போயிற்று. என் கை சட்டத்தை இறுக்கிக்கொண்டது. பிள்ளைகள் நின்றார்கள். ஒருத்தி தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒருத்தி வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எண்ணைச் சொன்னவளும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் துணிக்குப் பின்னாலிருந்து ஒரு மூச்சு வந்தது. நீளமாக, நடுங்கிக்கொண்டு, ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்தது முழுக்க வெளியே வருகிற மாதிரி. வராந்தாவில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டது. மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே பென்சில் காகிதத்தில் ஓடியது. தங்கச்சி எவ்வளவு எழுதினாள் என்று எனக்கு இன்று வரை தெரியாது.